ஆனதோத் நிலத்துக்கு ஒரு கிரயப் பத்திரம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், மணி பன்னிரண்டு அடித்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து முடித்ததும், வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரும். எங்கள் ஊர் ஆலயத்தில் அது ஒரு பித்தளைத் தாம்பாளம். அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்கவேண்டும். அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்கு அதுதான் என்பது நம்பிக்கை. என் வயதுக்காரர்களுக்கு அந்தத் தாம்பாளம் வரிசை வரிசையாக நகர்ந்து வரும் சத்தம்கூட நினைவிருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் மணி பன்னிரண்டுக்கு முன்பே பத்து வாக்குத்தத்தம் வந்துவிடுகிறது. எது நமக்கு என்று தெரிவதில்லை.

1968ஆம் வருடத்துக்கு என் அம்மா எடுத்த அட்டையில் இருந்தது எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். கடவுள் தம் மக்களைக் குறித்து நல்லதையே நினைக்கிறார், அவர்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவார் என்ற பொருளுள்ள வசனம். கிறிஸ்தவ வீடுகளில் பாதிக்கு மேல் அது ஏதாவது ஒரு சுவரில் தொங்கும். அம்மா அதை எங்கள் பெரிய அண்ணனுக்காக எடுத்ததாகச் சொன்னாள். அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

செப்டம்பரில் மஞ்சள் காமாலை வந்து பதினொரு நாளில் இறந்துபோனான்.

துக்கம் விசாரிக்க வந்த ஐயரவர்களிடம் அம்மா அந்த அட்டையைக் காட்டி, “இதுக்கு என்னய்யா அர்த்தம்?” என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். பதில் சொல்லாமல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்று ஏதாவது வசனம் சொல்லிச் சமாளிக்காமல் போனாரே என்று இப்போது நினைத்தால் அவர்மேல் மரியாதைதான் வருகிறது. அம்மா அட்டையைக் கிழித்துப் போடவில்லை. தன் வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். 1999இல் அவள் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தை நான் கவனித்துப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அட்டையில் 11ஆம் வசனம் மட்டும்தான் அச்சாகும். 10ஆம் வசனத்தை எந்த அச்சகத்தாரும் அட்டையில் போடுவதில்லை. அதில் எழுபது வருடம் என்று தவணை எழுதியிருக்கிறது.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இது வேதத்தில் மட்டும் உள்ள செய்தியல்ல. பாபிலோனியரே தங்கள் வருடக் குறிப்பைக் களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். யூதாவின் பட்டணத்தைப் பிடித்தான், அரசனைச் சிறைப்படுத்தினான், தனக்குப் பிடித்த ஒருவனை அரசனாக்கினான் என்று அதில் இருக்கிறது. அந்தப் பலகை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. 1956இல் அதைப் படித்து வெளியிட்டார்கள். கணக்குப்படி பட்டணம் விழுந்த நாள் மார்ச் 16. சிறைப்பட்ட அரசன் யோயாக்கீன், பதினெட்டு வயதுப் பையன், மூன்று மாதம்தான் ஆண்டிருந்தான். அவனோடு தாயார், பிரபுக்கள், தச்சர், கொல்லர் எல்லாரையும் கொண்டுபோனார்கள். கைத்தொழில் தெரிந்தவனை முதலில் கொண்டுபோவதுதான் எந்தக் காலத்துப் படையெடுப்புக்கும் வழக்கம். பின்னால் மிஞ்சியவர்களுக்கு சிதேக்கியா அரசன்.

கொண்டுபோகப்பட்டவர்களுக்கு ஒரே கேள்வி: எப்போது திரும்புவோம்? அதற்கு இரண்டு பதில் கிடைத்தது.

ஒன்று, அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னது. இரண்டே வருடம். ஆலயப் பாத்திரங்கள் திரும்பும், யோயாக்கீன் திரும்புவான், எல்லாரும் திரும்புவார்கள். எரேமியா அப்போது பாபிலோனின் அடிமைத்தனத்துக்கு அடையாளமாக மரநுகம் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். அனனியா அதைப் பிடுங்கி உடைத்தான். இந்த இடத்தில் எரேமியா சொன்ன முதல் வார்த்தை என்னை இன்றும் அசைக்கிறது. “ஆமென்” என்றார். அப்படியே ஆகட்டும், எனக்கும் அதுதானே ஆசை என்கிற ஆமென். சமாதானம் வரும் என்று சொல்லும் தீர்க்கதரிசியை, அது நடந்த பிறகே நம்பவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டார். அனனியா அந்த வருடமே ஏழாம் மாதத்தில் இறந்தான் என்று வேதம் சொல்கிறது.

இரண்டாவது பதில் எரேமியா எழுதிய கடிதம். சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அதன் சாரம்: வீடு கட்டுங்கள். தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள். பெண் கட்டுங்கள், பிள்ளைகளுக்கும் கட்டிவையுங்கள். நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருடம் ஆகும்.

அதாவது, கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவரும் ஊர் திரும்பப் போவதில்லை. அம்மா எடுத்த வசனம் இந்தக் கடிதத்தின் நடுவில்தான் வருகிறது. ‘எதிர்பார்க்கும் முடிவு’ என்பது, சாகப்போகிற ஒரு தலைமுறையிடம் பேரப்பிள்ளைகளைக் காட்டிச் சொன்ன வார்த்தை. கடிதத்தைக் கேட்டு பாபிலோனில் இருந்த செமாயா என்பவனுக்குக் கோபம் வந்து, இந்த எரேமியாவைத் தொழுமரத்தில் ஏன் மாட்டவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்கு எழுதினான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருப்பேன்.

ஆனால் மக்கள் கடிதத்தின்படியே செய்திருக்கிறார்கள். அதற்கு அத்தாட்சி இருக்கிறது. பாபிலோனில் ஜெர்மானியர் தோண்டியபோது கிடைத்த அரண்மனைக் கணக்குப் பலகைகளில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 1939இல் அது வெளியானது. சிறைப்பட்ட அரசனுக்கு ரேஷன். அதோடு இன்னொரு தொகுதி, சுமார் 200 பலகைகள், பழம்பொருள் சந்தை வழியாக வெளியே வந்தவை. 2014இல் ஒரு பெரும் பகுதியைப் புத்தகமாக்கினார்கள். கி.மு. 572 முதல் ஏறத்தாழ நூறு வருடத்துக் கணக்குகள். அதில் ஒரு ஊரின் பெயரே யூதாவூர் என்று பொருள்படும் அல்-யாகூது. யூதப் பெயருள்ள ஆட்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள், வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் அளக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள். எரேமியா சொன்ன தோட்டம் இதுதானே!

நான் பத்திரப் பதிவுத் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதனால் இனிச் சொல்லப்போவதில் என் ஆர்வம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

பத்து வருடம் கழிந்தது. சிதேக்கியா பாபிலோனுக்கு எதிராகக் கலகம் பண்ணினான். கி.மு. 587 வாக்கில் எருசலேமைச் சுற்றிக் கல்தேயரின் சேனை. மற்றக் கோட்டைகளில் லாகீசும் அசெக்காவும்தான் மிஞ்சியிருந்தன. 1935இல் லாகீசில் கிடைத்த ஓட்டெழுத்துக் கடிதங்களில் ஒன்றில், அசெக்காவின் அடையாளத் தீ தெரியவில்லை என்று ஒரு படைவீரன் எழுதியிருக்கிறான். பட்டணத்துக்குள் பஞ்சம். எரேமியா காவற்சாலை முற்றத்தில் கைதி. அப்பக்காரர் தெருவிலிருந்து தினம் ஒரு அப்பம் அவருக்கு அளந்து கொடுத்தார்கள், பட்டணத்தில் அப்பம் இருந்த வரைக்கும்.

அந்த நிலையில் அவருடைய தகப்பனுடன் பிறந்தவரின் மகன் அனாமெயேல் சிறைக்கு வருகிறான். ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர், எருசலேமுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீட்டர்போல. இன்றும் அனாத்தா என்று அந்தப் பெயரோடு ஒரு ஊர் அங்கே இருக்கிறது. பங்காளிக்கு முதல் உரிமை என்பது அவர்கள் சட்டம். குடும்ப நிலம் வெளியே போய்விடக்கூடாது. அதுவரைக்கும் சரி. ஆனால் எதிரிப் படை சூழ்ந்து, மதிலுக்கு வெளியே யாரும் போகமுடியாதபோது, மதிலுக்கு வெளியே உள்ள நிலத்துக்கு விலை என்ன? ஒன்றுமில்லை. அனாமெயேலுக்கு அது தெரிந்திருக்கும். உபயோகமில்லாத நிலத்தைச் சொந்தக்காரன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பாவம், அவன் வீட்டிலும் பசி இருந்திருக்கலாம்.

வாங்குபவருக்கும் வாரிசு இல்லை. கலியாணம் பண்ணவேண்டாம், பிள்ளைகள் வேண்டாம் என்று எரேமியாவுக்குக் கட்டளை. நிலத்தைப் பார்க்கவே முடியாத, பிள்ளையுமில்லாத ஒரு கைதி கிரயம் பண்ணுகிறார்.

விலை 17 சேக்கல் வெள்ளி. அப்போது யூதாவில் நாணயம் புழக்கத்தில் இல்லை. வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். கிடைத்திருக்கும் எடைக்கற்களை வைத்துப் பார்த்தால் ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். ஆக 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளி. பஞ்சத்தில் அந்த வெள்ளி எத்தனை அப்பமாக மாறியிருக்கும்!

பிறகு அவர் செய்ததை 32ஆம் அதிகாரம் வரிசைக்கிரமமாகச் சொல்கிறது. பத்திரத்தில் கையெழுத்து. முத்திரை. சாட்சிகள். தராசில் வெள்ளியை நிறுத்தல். இரண்டு பிரதி: ஒன்று முத்திரையிட்டு மூடியது, ஒன்று திறந்தது. சாட்சிகள் முன்பாகவும், முற்றத்தில் இருந்த யூதர் எல்லார் முன்பாகவும் தன் எழுத்தர் பாருக்கின் கையில் ஒப்படைப்பு. இதை முதலில் படித்தபோது, சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. நான்கெல்லையும் பரப்பளவும் அந்த அதிகாரத்தில் சொல்லப்படவில்லை என்பது ஒன்றுதான் குறை. பத்திரத்துக்குள் இருந்திருக்கும், இல்லாவிட்டால் நாங்கள் திருப்பி அனுப்பியிருப்போம்.

மூடிய பிரதி எதற்கு என்று கேட்கலாம். திறந்த பிரதியை யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதில் எவனாவது திருத்தினால், வழக்கு வரும்போது முத்திரையை உடைத்து மூடியதோடு ஒப்பிடுவார்கள். நம்மிடம் 1908ஆம் வருடச் சட்டப்படி, பத்திரத்தைக் கட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டு நகலை 1ஆம் புத்தகத்தில் வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை. 1961இல் சாவுக்கடல் ஓரத்துக் குகை ஒன்றில் பாபத்தா என்ற யூத விதவையின் பத்திரக் கட்டு அகப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அதிலும் பல பத்திரங்கள் இதே முறைதான்: ஒரே தாளில் மேலே ஒருமுறை எழுதிச் சுருட்டித் தைத்து, கீழே இன்னொருமுறை திறந்தபடி. எரேமியாவுக்கு 700 வருடத்துக்குப் பிறகும் பத்திர எழுத்தர்கள் பழக்கத்தை விடவில்லை. எங்கள் இனமே அப்படித்தான்.

பாருக்குக்கு இட்ட கடைசிக் கட்டளை: இரண்டையும் ஒரு மண்பாண்டத்தில் வை, அநேக நாள் இருக்கட்டும். மண்பாண்டத்தில் எழுத்து எவ்வளவு நாள் இருக்கும் என்பது 1947இல் உலகத்துக்குத் தெரிந்தது. கும்ரான் குகையில் பானைக்குள்ளிருந்து எடுத்த சுருள்கள் ஏறக்குறைய 2000 வருடம் தாங்கியிருந்தன.

ஏன் வாங்கினார்? இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் கிரயமாகும் என்று கடவுள் சொன்னதற்கு அடையாளமாக. வாக்குத்தத்தத்தை நம்புகிறேன் என்று வாயால் சொல்வது எளிது. இங்கே ஒரு மனிதர் பசியில் இருக்கும்போது வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்குகிறார். ஆனால் அவர் கலங்காதவர் என்று நினைத்துவிடக்கூடாது. பத்திரத்தைக் கொடுத்த கையோடு ஜெபம் பண்ணுகிறார். நீண்ட ஜெபம். வானத்தையும் பூமியையும் உண்டாக்கியதில் தொடங்கி, எகிப்திலிருந்து கொண்டுவந்தது வரைக்கும் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வருகிறார்: மதிலண்டை மண்மேடு போட்டாயிற்று, பட்டணம் போகப்போகிறது, இப்போது போய் நிலம் வாங்கு என்கிறீரே என்று. கீழ்ப்படிந்த பிறகு கேட்ட கேள்வி. எனக்கு இந்த ஒழுங்கு பிடிக்கிறது.

பட்டணம் விழுந்தது. ஆலயம் எரிந்தது. சிதேக்கியாவின் கதை கொடூரமானது, விட்டுவிடுகிறேன். எரேமியா விடுதலையானார், ஆனால் மிஞ்சிய ஜனங்கள் பயந்துபோய் எகிப்துக்கு ஓடியபோது அவரையும் பாருக்கையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தக்பானேஸ் என்ற எகிப்திய ஊரில் அவர் பேசியதும் அதையொட்டி அங்குள்ள யூதரிடம் சொன்னதும்தான் அவரைப்பற்றிய கடைசிச் செய்தி. அந்த நிலத்தில் ஒரு படி கோதுமையும் அவர் அறுக்கவில்லை.

கி.மு. 539இல் பெர்சிய அரசன் கோரேசிடம் பாபிலோன் விழுந்தது. அவன் எழுதிவைத்த களிமண் உருளை 1879இல் பாபிலோனில் கிடைத்தது. கொண்டுவரப்பட்ட தெய்வங்களையும் ஜனங்களையும் அவரவர் இடத்துக்குத் திருப்பியனுப்பினேன் என்கிறான். அந்த உருளையில் எருசலேமின் பெயர் கிடையாது. பிரசங்கங்களில் இருப்பதாகச் சொல்கிறார்கள், அது சரியல்ல. ஆனால் அவன் கொள்கை அதுதான், எஸ்றாவின் புத்தகம் யூதருக்குக் கிடைத்த உத்தரவைச் சொல்கிறது. எழுபது வருடக் கணக்கை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் பண்டிதர்களுக்குள் பேச்சு உண்டு. நேபுகாத்நேச்சார் அரசனான 605இலிருந்து கோரேசின் உத்தரவு வரைக்கும் எண்ணினால் எழுபதுக்குச் சற்றுக் குறைவு. ஆலயம் எரிந்த 586இலிருந்து அது மறுபடி கட்டி முடிந்த 515 வரைக்கும் எண்ணினால் எழுபதை ஒட்டி வருகிறது. புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில், பழையதைப் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுதார்களாம். சந்தோஷச் சத்தமும் அழுகைச் சத்தமும் பிரித்தறிய முடியவில்லை என்கிறது வேதம்.

எஸ்றா 2ஆம் அதிகாரத்தை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. திரும்பிவந்தவர்களின் பெயர்ப்பட்டியல். குடும்பம், எண்ணிக்கை, ஊர், எண்ணிக்கை. கணக்குப் பிள்ளைகளுக்கான அதிகாரம். நான் கணக்குப் பிள்ளை. விரல் வைத்துப் படித்தேன். 23ஆம் வசனத்தில் விரல் நின்றுவிட்டது. ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.

யாருடைய பேரன்கள் என்று எழுதவில்லை. அனாமெயேலின் வம்சத்தார் அதில் இருந்தார்களோ என்னவோ. அந்த நிலத்தில் யாரோ ஏர் பூட்டினார்கள் என்பது மட்டும் நிச்சயம். நெகேமியாவின் புத்தகத்திலும் பென்யமீன் கோத்திரத்தார் குடியிருந்த ஊர்களில் ஆனதோத் வருகிறது.

எரேமியாவின் இந்த நாலைந்து அதிகாரங்களுக்குள்தான் இன்னொரு வாக்கும் இருக்கிறது. கற்பலகையில் அல்ல, இருதயத்தில் எழுதப்படும் ஒரு புதிய உடன்படிக்கை வரும் என்று. அதற்கு வருடக் கணக்கே போடவில்லை. 600 வருடத்துக்குமேல் கழித்து, இயேசு தாம் பிடிக்கப்பட்ட இரவில் பாத்திரத்தைக் கையில் எடுத்து அந்த வார்த்தையைச் சொன்னார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறோம். புதிய ஏற்பாடு என்று நம் புத்தகத்துக்குப் பெயர் வந்ததும் அந்த வார்த்தையால்தான். எபிரெயர் நிருபம் எழுதியவர் இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: முற்பிதாக்கள் வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலே, தூரத்தில் பார்த்து, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று. எனவே வருடத்துக்கொரு அட்டை, வருடக் கடைசிக்குள் நிறைவேற்றம் என்ற கணக்கு எங்கிருந்து நமக்குள் வந்தது என்று யோசிக்கிறேன். அது அனனியாவின் இரண்டு வருடக் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. இப்படி எழுதுவதால் அட்டை எடுப்பதை நிறுத்துங்கள் என்கிறேன் என்று கோபப்படவேண்டாம். நானும் இந்த ஜனவரியில் எடுத்தேன்.

அண்ணனின் மரணத்துக்கு இதெல்லாம் பதில் என்று நான் சொல்லவில்லை. அம்மா உயிரோடிருந்தால் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. அவளுடைய வேதபுத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அட்டை எரேமியாவில் இல்லை. சங்கீதத்தில், 88க்கும் 89க்கும் நடுவில் இருந்தது. 88 முழுக்க இருள். 89 கடவுளின் உண்மையைப் பாடத் தொடங்கி, பாதிக்குமேல் ஏன் கைவிட்டீர் என்று வழக்காடும். தெரிந்து வைத்தாளா, கைக்கு வந்த பக்கத்தில் வைத்தாளா? அதே பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.

நேற்று இதை எழுதி முடித்து வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள். கடைசியில், “அந்தப் பானை கிடைச்சுதா?” என்றாள்.

கிடைக்கவில்லை.